தசை ஏன் சுருங்குகிறது? விலங்கியல் கூடத்திலிருந்து பிரசவ அறை வரை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் 1998ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எடுத்த வகுப்பு. விலங்கியலும் தாவரவியலும் தனித்தனிப் பாடங்களாக இருந்த காலத்தின் கடைசிப் பிள்ளைகளில் நாங்களும் அடக்கம். அந்த வகுப்பிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்கள் ஏதாவது பேச வேண்டும் என்று சங்கம் கேட்டது. வாசிப்பது ஒரு வாய் என்றாலும் பேச்சு எங்கள் எல்லோருடையதும். "எல்லாருக்கும் விளங்கிற மாதிரி நீரிழிவு, பிரஷர் எண்டு ஏதாவது சொல்லுங்கோ பிள்ளையள்" என்றுதான் முதலில் சொன்னார்கள். அந்த இரண்டைப் பற்றியும் இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு எங்களை விடக் கூடத் தெரியும் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு கலம் எப்படிக் கட்டளை கேட்டுச் சுருங்குகிறது என்பதை. கேட்கப் பாடப்புத்தகம் போல இருக்கும். ஆனால் இந்த மண்டபத்தில் பிள்ளை பெற்றவர்கள், தொய்வு உள்ளவர்கள், தொய்வுள்ள பிள்ளையோடு இரவிரவாக விழித்திருந்தவர்கள் எல்லோருக்கும் இது சொந்தக் கதை. தமிழில் இதைச் சொல்ல முடியுமா என்று எங்களில் சிலர் தயங்கினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்திருக்கிறார். அதற்குப் பிறகும் நாங்கள் தயங்கினால் வெட்கம்.

1996இல் இடம்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது விலங்கியல் கூடத்தில் முழுசாக மிஞ்சியிருந்தது கரும்பலகை ஒன்றுதான். தேரை வெட்டுச் சோதனைக்குத் தேரைக்குப் பஞ்சமில்லை, மழைக்காலத்தில் வளவுக்குள்ளேயே பிடித்துவிடலாம். காய்ச்சி வடித்த நீர்தான் இல்லை. ரீச்சர் இரண்டு ஜாம் போத்தல்களை எடுத்தார். ஒன்றில் பாடசாலைக் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் கூரையால் வழிந்து பிடித்த மழைத்தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு கறியுப்பைக் கரைத்தார். இரண்டு தேரைகளின் இதயங்களை எடுத்து ஒவ்வொரு போத்தலில் ஒவ்வொன்றாக விட்டார். உடம்பிலிருந்து பிரித்த பிறகும் அவை துடிப்பதைப் பார்த்து எங்களில் ஒருத்தி கூடத்தை விட்டு ஓடிவிட்டாள். (அவள் இன்று சத்திரசிகிச்சை நிபுணர்.) மழைத்தண்ணீரில் கிடந்த இதயம் கொஞ்ச நேரத்தில் தளர்ந்து தளர்ந்து நின்றுபோனது. கிணற்றுத் தண்ணீரில் கிடந்தது துடித்துக்கொண்டே இருந்தது. "ஏன்?" என்று கேட்டுவிட்டு ரீச்சர் கதிரையில் போய் இருந்துவிட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. மணி அடிக்கும் நேரத்தில்தான் அவர் கதையைச் சொன்னார். 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற வைத்தியர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் துடித்தது. பிறகு பார்த்தால் அந்தக் கரைசல் வடித்த நீரில் செய்யப்படவில்லை, குழாய்த் தண்ணீரில் செய்யப்பட்டிருந்தது. முறைப்படி வடித்த நீரில் செய்தபோது இதயம் நின்றுவிட்டது. லண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புதான் காரணம் என்று, அதாவது கல்சியம் இல்லாமல் இதயத் தசை சுருங்காது என்று, 1883இல் அவர் எழுதினார். எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்புக்குக் குறைவா? குடாநாடே சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை நாங்கள் எத்தனை தரம் சுரண்டியிருப்போம்! லண்டனில் தவறுதலாக நடந்ததை ரீச்சர் தெரிந்துகொண்டே இரண்டு ஜாம் போத்தலில் செய்துகாட்டினார். பல்கலைக்கழகத்தில் நல்ல ஆய்வுகூடங்களைக் கண்டோம். இதைப் போல ஒரு பாடத்தைக் காணவில்லை.

இனிக் கொஞ்சம் உள்ளே போவோம். ஒரு தசைக் கலத்துக்கு வெளியே இருக்கிற கல்சியத்தையும் ஓய்வாக இருக்கும்போது அதன் உள்ளே கரைந்திருக்கிற கல்சியத்தையும் ஒப்பிட்டால், வெளியே ஏறத்தாழ 10,000 மடங்கு கூட. கலம் ஓயாமல் கல்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டும், உள்ளே ஒரு களஞ்சியத்தில் அடைத்துப் பூட்டிக்கொண்டும் இருக்கிறது. அந்தப் பூட்டு ஒரு கணம் திறந்தால் கல்சியம் பாயும், கலம் சுருங்கும். ஆகவே கேள்வி, பூட்டைத் திறக்கச் சொல்வது யார்?

எங்கள் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வேலி, படலை. செய்தி கொண்டு வருபவர் படலையடியில் நின்று கூப்பிடுவார், உள்ளே வரமாட்டார். வீட்டில் யாரோ எட்டிப் பார்த்து, பின்பக்கம் குசினிக்குள் இருக்கிறவர்களுக்குச் சொல்லுவார்கள். வேலை நடப்பது குசினிக்குள். ஒட்சிரோசின் போன்ற ஓமோனும் அப்படித்தான், கலத்துக்குள் நுழைவதில்லை. கலத்தின் மென்சவ்வில் வாங்கி என்ற புரதம் இருக்கிறது. ஓலை வேலியில் கட்டுக்கயிறு உள்ளும் புறமுமாக ஓடுவது போல அது மென்சவ்வை ஏழு தரம் ஊடுருவி நிற்கிறது. வெளியே ஓமோன் வந்து பொருந்தியதும் வாங்கியின் உள்ளந்தம் சற்றே உருமாறுகிறது. உள்ளே தயாராக நிற்கும் ஜீ புரதம் அதை உணர்ந்து ஒரு நொதியத்தை எழுப்புகிறது. அந்த நொதியம் மென்சவ்வின் கொழுப்பில் ஒரு துண்டை வெட்டி உள்ளே விடுகிறது. ஐ.பி.3 என்பது அந்தத் துண்டின் பெயர். அது களஞ்சியத்தின் கதவில் போய்ப் பொருந்த, கல்சியம் வெளியே வருகிறது. கலத்தின் புறச் சுவரிலும் வாய்க்கால்கள் திறந்து இன்னும் கல்சியம் பாய்கிறது.

இதற்குப் பிறகு நடப்பதில் இதயத்துக்கும், கருப்பை, சுவாசக்குழாய் போன்றவற்றின் மழமழப்பான தசைக்கும் வேறுபாடு உண்டு. மழமழப்பான தசையில் கல்சியத்தை ஏற்பது கல்மொடியூலின் என்ற சிறு புரதம். நான்கு கல்சியம் அயன்களைப் பிடித்துக்கொண்டு அது இன்னொரு நொதியத்தை முடுக்கிவிடுகிறது. அந்த நொதியம் மயோசின் இழையில் ஒரு பொசுபேற்றை ஒட்டுகிறது. ஒட்டிய பிறகுதான் மயோசின் அக்ரின் இழையைப் பிடித்து இழுக்கும். பொசுபேற்றைக் கழற்றுவதற்கு வேறொரு நொதியம் இருக்கிறது. அதன் கையைக் கட்டிப்போடும் றோ என்ற வழியும் இருக்கிறது. அந்த வழி திறந்திருந்தால் கல்சியம் குறைந்த பிறகும் பிடி தளராது. பரீட்சைக்குப் படிக்கும்போது இவ்வளவு நீளமான சங்கிலி எதற்கு என்று அலுத்துக்கொண்டோம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மருந்து தொங்குகிறது என்பது வார்ட்டுக்குப் போன பிறகுதான் விளங்கியது. இன்று உலகில் பாவிக்கப்படும் மருந்துகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று இந்த ஏழு மடிப்பு வாங்கிக் குடும்பத்தில் வேலை செய்பவை. இக்குடும்பத்தைத் துருவி ஆராய்ந்த லெஃப்கோவிற்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே சொல்லை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. பயந்தால் அட்ரினலின் சுரக்கிறது. கை குளிர்ந்து வெளிறுகிறது, காரணம் தோலின் குருதிக்குழாய்கள் சுருங்குவது. அதே நேரத்தில் சுவாசக்குழாய் விரிகிறது. ஒரே ஓமோன், வாங்கிகள் வேறு. சுவாசக்குழாயில் இருப்பது பீற்றா 2 வாங்கி. அது எழுப்பும் ஜீ புரதம் வேறு வகை. அதனால் சைக்கிளிக் ஏ.எம்.பி. என்ற பொருள் கலத்தில் பெருகி, சுருங்கவைக்கும் நொதியத்தை அடக்கிவிடுகிறது. தசை இளகுகிறது. தொய்வுக்காரர் இழுக்கும் நீலப் பம்பில் உள்ள சல்பியூற்றமோல் செய்வது இதைத்தான்.

எங்கள் வகுப்பில் ஒருத்திக்குத் தொய்வு. பொருளாதாரத் தடைக் காலத்தில் பம்ப் அருமை, குளிசைதான். பம்ப் மருந்து சுவாசக்குழாயில் நேரே படும். குளிசை உடம்பெல்லாம் போகும். எலும்புத் தசையிலும் பீற்றா 2 வாங்கி இருப்பதால் கை நடுங்கும். குளிசை போட்ட நாளில் அவளுடைய எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஆசிரியரிடம் ஏச்சும் வாங்குவாள். காரணம் சொல்லமாட்டாள். வீட்டில் அப்படிச் சொல்லி வைத்திருந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் சனத்தோடு சனமாக நாங்கள் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோதுதான் அவளுக்கு இழுப்பு என்பது எங்களுக்குத் தெரிந்தது. சைக்கிள் பாரில் ஏற்றி, முறை வைத்து உருட்டிக்கொண்டு போனோம். ஒரே வாங்கில் மூன்று வருடம் இருந்தவர்களுக்கும் தெரியாமல் ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவித்திருக்கிறாள்.

இனிக் கருப்பைக்கு வருவோம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கும் கூடுதலாக இரத்தம் ஓடுகிறது. பிள்ளை பிறந்து நச்சுக்கொடி கழன்றதும் அத்தனை குழாய்களும் வாய் திறந்தபடி நிற்கும். அவற்றைக் கட்டுவதற்குத் தையல் இல்லை. கருப்பைத் தசை இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அந்தக் குழாய்களைச் சுற்றிப் பின்னியிருக்கின்றன. தசை சுருங்கினால் குழாய்கள் நெரிபட்டு அடைபடும். சுருங்காவிட்டால் சில நிமிடங்களில் தாயை இழக்கலாம். நாங்கள் மேலே சொன்ன கல்சியமும் கல்மொடியூலினும் பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வருவது அந்த நிமிடங்களில்தான்.

ஒட்சிரோசினின் வேலையை 1906இல் ஹென்றி டேல் பூனையின் கருப்பையில் கண்டார். ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சிறு ஓமோனை டு வின்யோ 1953இல் ஆய்வுகூடத்தில் செய்தார், 1955இல் நோபல் பரிசு பெற்றார். அதனால்தான் இன்று பிள்ளை பிறந்தவுடன் ஒவ்வொரு தாய்க்கும் அந்த ஊசியைப் போட முடிகிறது. நிறைமாதம் நெருங்க நெருங்கக் கருப்பையில் ஒட்சிரோசின் வாங்கிகள் பல மடங்கு பெருகுகின்றன. இயற்கை அவ்வளவு முன்யோசனையோடு படலைகளைத் திறந்துவைக்கிறது. ஆனால் வாங்கிக்கும் அலுப்பு உண்டு. நோ காணாது என்று மணிக்கணக்காக ஒட்சிரோசின் ஏற்றினால், கலம் அந்த வாங்கிகளைச் செயலிழக்கச் செய்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓயாமல் படலையில் நின்று கத்தினால் வீட்டுக்காரர் காது கொடுப்பதை நிறுத்துவது போல. அப்படிப்பட்ட கருப்பைக்குப் பிள்ளை பிறந்த பிறகு இன்னும் ஒட்சிரோசின் கொடுத்தாலும் முழுமையாகக் கேட்காது. அப்போது வேறு படலையில் போய்த் தட்ட வேண்டும். எர்கோமெற்றின் ஒரு படலை, புரொஸ்டாகிளாண்டின் இன்னொன்று.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் வேலை செய்த ஒரு பிரசவ அறையில் நடந்தது. முதல் பிள்ளை, பகல் முழுக்க ஒட்சிரோசின் ஏறியது, மாலையில் சுகப்பிரசவம். நச்சுக்கொடியும் முழுதாக வந்தது. பிறகு இரத்தம் நிற்கவில்லை. அடிவயிற்றில் கைவைத்தால் கருப்பை கல்லுப் போல இருக்க வேண்டும், அது நனைந்த துணி போல இருந்தது. பிசைந்தோம். ஒட்சிரோசினைக் கூட்டினோம். இரத்த அழுத்தம் ஏற்கெனவே கூட, ஆகவே எர்கோமெற்றின் கொடுக்க முடியாது. அது குருதிக்குழாய்களையும் சுருக்கி அழுத்தத்தை இன்னும் ஏற்றும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து புரொஸ்டாகிளாண்டின் ஊசி வந்தது. சிரிஞ்சில் ஏற்றியாயிற்று.

அட்டையைப் பார்த்தோம். தொய்வு: இல்லை. வந்தபோது கேட்டதற்கும் இல்லை என்றுதான் பதில். அந்த நேரத்தில் சீலைத்துணி தேடித் தாயின் பையைக் கிண்டிய இளம் தாதி, "மிஸ், இது ஆற்றை?" என்று கையை உயர்த்தினார். நீலப் பம்ப்.

எங்கள் கை அப்படியே நின்றது. அந்த ஊசி மருந்து கருப்பைத் தசையில் எந்தக் குடும்ப வாங்கியைத் தட்டிச் சுருக்குகிறதோ, அந்தக் குடும்ப வாங்கிகள் சுவாசக்குழாய்த் தசையிலும் இருக்கின்றன. அங்கேயும் கல்சியம் பாயும், அங்கேயும் தசை சுருங்கும். தொய்வுக்காரருக்கு அது கொடுக்கக்கூடாத மருந்து. இரத்தம் இழந்து கிடக்கும் ஒரு பெண்ணுக்கு மூச்சும் அடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் யோசிக்க விருப்பமில்லை.

சிரிஞ்சை வைத்துவிட்டோம். மிசொப்புறொஸ்ரோல் குளிசைகளை நாக்கின் கீழ் வைத்தோம். அதுவும் புரொஸ்டாகிளாண்டின்தான், ஆனால் வேறு வகை, தொய்வுக்காரருக்கும் கொடுக்கலாம். இரத்தக்கட்டியைக் காக்கும் திரனெக்சாமிக் அமிலம் நாளத்தில் ஏறியது. பிறகு ஒரு கதீற்றரின் நுனியில் ஆணுறையைக் கட்டிக் கருப்பைக்குள் வைத்துச் சேலைனால் ஊதவைத்தோம். சிரிக்காதீர்கள். பங்களாதேஷின் மகப்பேற்று நிபுணர் சயேபா அக்தர் உருவாக்கிய முறை அது. விலையுயர்ந்த பலூன் வாங்க வழியில்லாத இடங்களுக்காக அவர் யோசித்தது இன்று எத்தனையோ நாடுகளில் தாய்மாரைக் காப்பாற்றுகிறது. மூன்று பைந்து இரத்தம் ஏற்றிய பிறகு, நள்ளிரவு தாண்டி, கருப்பை கையின் கீழே இறுகியது. அந்த இறுக்கத்தைக் கையால் உணர்வது எப்படி என்று சொற்களில் சொல்லத் தெரியவில்லை.

விடிய அந்தப் பிள்ளையின் தாயார் வெளி வாங்கில் இருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம், கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டோம். "கலியாணம் பேசேக்க சொல்லேல்லை பிள்ளை. பிறகு எப்பிடிச் சொல்லுறது?" என்றார். கிளினிக்குக்கு ஒவ்வொரு முறையும் மாமியார் கூட வந்திருக்கிறார். அவருக்கு முன்னால்தான் நாங்களும் "தொய்வு, வலிப்பு, இருதய வருத்தம் ஏதும் இருக்கா?" என்று ஒரே மூச்சில் கேட்டு, "இல்லை" என்று எழுதியிருக்கிறோம். சொல்லாதது அவர்களுடைய பிழை என்றால், சொல்ல முடியாத இடத்தில் வைத்துக் கேட்டது எங்களுடைய பிழை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கர்ப்பவதியையும் ஒரு தடவையாவது தனியாக உள்ளே கூப்பிட்டுக் கேட்கிறோம். மாமிமார் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். தொய்வு குணக்குறை அல்ல, சுவாசக்குழாயின் தசை சற்று எளிதாகச் சுருங்கிவிடுகிறது, அவ்வளவுதான். இங்கே இருக்கிற அம்மாமார் பலரும் கலியாணம் பேசும் வயதில் பிள்ளைகளை வைத்திருப்பதால் இதைக் கொஞ்சம் உரத்துச் சொல்கிறோம்.

கலங்கள் சுருங்குவது மட்டுமல்ல, நடப்பதும் உண்டு. நடுநிலைநாடி என்று படித்த வெண்குருதிக்கலம் கிருமியின் வாடையை இதே ஏழு மடிப்பு வாங்கிகளால் பிடிக்கிறது. வாடை கூடிய பக்கம் அக்ரின் இழைகள் வளர்ந்து முன்னே தள்ள, பின்பக்கம் றோ வழியில் மயோசின் இறுகிச் சுருங்க, கலம் ஊர்ந்து போகிறது. 1950களில் டேவிட் ரொஜர்ஸ் எடுத்த ஒரு சிறு படத்தில், செங்குருதிக்கலங்களுக்கிடையில் புகுந்து புகுந்து ஒரு வெண்கலம் ஒரு பற்றீரியாவைத் துரத்திப் பிடிப்பதைக் காணலாம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், காட்டூன் போல இருக்கும்.

பால் கொடுக்கும்போது அடிவயிறு குத்துகிறது என்று சொல்லாத தாய் இல்லை. இரண்டாம், மூன்றாம் பிள்ளைக்கு அந்தக் குத்து இன்னும் கூட. பிள்ளை உறிஞ்சும்போது தாயின் மூளையடியிலிருந்து ஒட்சிரோசின் சுரந்து, மார்பில் பால் பைகளைச் சுற்றியுள்ள கலங்களைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது. அதே ஓமோன் கருப்பைக்கும் போய் அதையும் இறுக்குகிறது. "பிள்ளையை உடன மார்பில போடு" என்று ஊர் மருத்துவிச்சிமார் அவசரப்படுத்தியது சரிதான். வாங்கியைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தத் தாய் இரண்டாவது பிள்ளைக்கு எங்களிடமே வந்தார். அட்டையின் முன்பக்கத்திலேயே சிவப்புப் பேனையால் பெரிய எழுத்தில் "தொய்வு உண்டு" என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தது. யார் எழுதியது என்று கேட்டோம். வாசலில் நின்ற மாமியார், "நான்தான் பிள்ளை" என்றார். நீலப் பம்பும் அவருடைய கைப்பையில்தான் இருந்தது. அந்தப் பிரசவத்தில் ஒட்சிரோசின் ஒரு ஊசியோடு கருப்பை கல்லுப் போல இறுகிவிட்டது.

ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், அன்றைக்கு நீங்கள் கேட்ட "ஏன்?" என்பதற்கு மணி அடிக்க முன்னம் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பிந்திவிட்டது. மன்னிக்க வேண்டும்.